சார்லி டெய்லர்: முதல் விமான எஞ்சினைச் செய்தவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சார்லி டெய்லர் யார்?

1903 டிசம்பர் 17-ல் ரைட் சகோதரர்களின் விமானம் பறந்தபோது அதில் ஓடிய பெட்ரோல் எஞ்சினைத் தன் கையால் கடைந்து, துளையிட்டு, கோத்தவர். முழுப்பெயர் சார்லஸ் எட்வர்ட் டெய்லர். 1868 மே 24-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து செரோ கோர்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது நெப்ராஸ்காவில். 12 வயதில் பள்ளியை விட்டு ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குப் போனார். உலோக வேலையைப் பட்டறைகளில்தான் கற்றுக்கொண்டார். பொறியியல் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் எந்தப் பாகத்தை எத்தனை நுணுக்கமாகக் கடைய வேண்டும், எங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்ற கணக்கு அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த எஞ்சினைப் பார்ப்பவர்களுக்கு இது விளங்கும்.

ரைட் சகோதரர்களிடம் எப்படி வந்து சேர்ந்தார்?

மனைவி வழி உறவு. மனைவி ஹென்ரியட்டாவின் உறவினர் வெப்பர்ட் என்பவருக்குச் சொந்தமான கட்டடத்தில்தான் வில்பரும் ஆர்விலும் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தினார்கள். டெய்லர் அப்போது தனியாகச் சிறு பட்டறை வைத்திருந்தார். அவர்களுக்குச் சைக்கிள் பாகங்கள் செய்து கொடுத்திருக்கிறார். 1901 ஜூன் மாதம் கடையில் முழுநேர வேலைக்குச் சேர்ந்தார். கூலி மணிக்கு 30 சென்ட். வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை, ஆக 18 டாலர். முன்பு இருந்த இடத்தில் 25 சென்ட்தான் கிடைத்தது.

சேர்ந்த நோக்கம் விமானம் அல்ல, சைக்கிள் பழுது பார்ப்பது. சகோதரர்கள் கிட்டி ஹாக் கடற்கரைக்குக் கிளைடர் சோதனைக்குப் போகும் மாதங்களில் கடையை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர்கள் நிம்மதியாக ஊரை விட்டுப் போக முடிந்ததே இவர் கடையில் இருந்ததால்தான்.

எஞ்சினை ஏன் விலைக்கு வாங்கவில்லை?

கேட்டுப் பார்த்தார்கள். 1902 டிசம்பரில் பல எஞ்சின் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் போனது: 8 அல்லது 9 குதிரைத்திறன் வேண்டும், எடை 180 பவுண்டுக்கு (82 கிலோ) மேல் போகக் கூடாது, அதிர்வு குறைவாக இருக்க வேண்டும். பொருத்தமான எஞ்சினை யாரும் தர முன்வரவில்லை. அன்றைய மோட்டார் வண்டி எஞ்சின்கள் இதைவிடக் கனமானவை. ஒரே ஒரு விமானத்துக்காகப் புது வார்ப்பு அச்சு செய்ய எந்தத் தொழிற்சாலைக்கும் லாபமில்லை. அதனால் சொந்தப் பட்டறையிலேயே செய்வதென்று முடிவானது.

டெய்லருக்கு அதற்கு முன் பெட்ரோல் எஞ்சினில் இருந்த அனுபவம் மிகக் குறைவு: 1901-ல் ஒரு மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பழுது பார்க்க முயன்றது. அது தவிர, கடையின் எந்திரங்களை ஓட்ட மூவரும் சேர்ந்து செய்த ஒற்றை சிலிண்டர் எரிவாயு எஞ்சின் ஒன்று இருந்தது.

என்னென்ன கருவிகள் இருந்தன? எத்தனை நாள் ஆனது?

ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், சில கைக்கருவிகள். லேத்தும் டிரில்லும் மேலே சொன்ன எரிவாயு எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாக ஓடின. அலுமினிய உடலை மட்டும் வெளியே வார்ப்படம் செய்து வாங்கினார்கள். முறையான வரைபடம் கிடையாது. எந்தப் பாகத்தைப் பற்றிப் பேசுகிறார்களோ அதைத் துண்டுக் காகிதத்தில் கிறுக்கி, அந்தக் காகிதத்தை வேலை மேசைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு டெய்லர் வேலை செய்தார். ஆறு வாரத்தில் எஞ்சின் தயார்.

எஞ்சினின் முக்கிய அளவுகள் என்ன?

நான்கு சிலிண்டர், படுக்கைவாட்டில் ஒரே வரிசையில். உள்விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் 4 அங்குலம். மொத்தக் கொள்ளளவு 201 கன அங்குலம், அதாவது சுமார் 3.3 லிட்டர். இன்றைக்கு 3.3 லிட்டர் எஞ்சின் 200 குதிரைத்திறனைத் தாண்டும். இது கொடுத்தது 12. காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

உடல் வார்ப்படம் அலுமினியமும் சுமார் 8 சதவீதம் செம்பும் சேர்ந்த கலவை. சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு, உடலுக்குள் மரை போட்டுத் திருகப்பட்டவை. தண்ணீர் ஓடும் உறை உடலோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. பிஸ்டன்களைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் எஃகுக் குழாய்கள். சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் 26 பவுண்டு (சுமார் 12 கிலோ).

கிராங்க் ஷாப்டை எப்படி ஒரே தகட்டிலிருந்து வெட்டி எடுத்தார்?

எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி இது. கிராங்க் ஷாப்ட் என்பது பிஸ்டன்களின் முன்பின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு; கனெக்டிங் ராடுகள் மாட்டும் அதன் பகுதிகள் கிராங்க் பின்கள். படிப்படியாகவே சொல்லலாம்.

எடுத்துக்கொண்டது ஓர் எஃகுப் பாளம்: நீளம் 31 அங்குலம், அகலம் 6 அங்குலம், கனம் 1⅝ அங்குலம். அதன் முகத்தில் கிராங்க் ஷாப்டின் வெளிக்கோட்டை வரைந்தார். கோட்டுக்குச் சற்று வெளியே, ஒன்றையொன்று ஒட்டினாற்போல, டிரில்லில் வரிசையாகத் துளைகள் போட்டுக்கொண்டே போனார். துளைகளுக்கு இடையே மெல்லிய சுவர்கள் மட்டும் மிஞ்சியதும், உளியும் சுத்தியலும் கொண்டு தேவையில்லாத துண்டுகளைத் தட்டி விழ வைத்தார். கிடைத்த முரட்டு உருவத்தை லேத்தில் ஏற்றி அளவுக்குக் கடைந்தார். முடிந்தபோது எடை 19 பவுண்டு. அதாவது பாளத்தின் பெரும்பகுதி துருவலாகவும் துண்டாகவும் தரையில் விழுந்தது.

தட்டையான பாளத்திலிருந்து கிராங்க் ஷாப்ட் எப்படி வரும் என்று பலர் கேட்கிறார்கள். நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சினில் நான்கு கிராங்க் பின்களும் ஒரே தளத்தில் இருக்கும்: இரண்டு மேலே, இரண்டு கீழே. அதனால் தகட்டிலிருந்து வெட்ட முடிகிறது. மூன்று அல்லது ஆறு சிலிண்டராக இருந்தால் பின்கள் 120 பாகையில் திரும்பி நிற்கும். இந்த வழி உதவாது. அகலக் கணக்கும் எளிது. பிஸ்டன் 4 அங்குலம் நகர வேண்டுமென்றால் பின் மையத்திலிருந்து இருபுறமும் 2 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். பின்னின் பாதி விட்டமும் அதைச் சுற்றியுள்ள சதையும் இருபுறமும் சேர்ந்தால் 6 அங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

இதே முறையை முயல்வோருக்கு எங்கே தவறும்?

மூன்று இடங்களில். முதலாவது, துளைகளைக் கோட்டின் மேலேயே போடுவது. டிரில் முனை கனமான எஃகுக்குள் போகும்போது சற்று விலகும். அந்த விலகல் உள்பக்கம் போனால் பாளம் வீண். கோட்டுக்கு வெளியே கடைசலுக்கான சதையை விட்டுத்தான் துளையிட வேண்டும். இரண்டாவது, கிராங்க் பின்னைக் கடையும்போது ஷாப்டின் மையத்தை 2 அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். அப்போது லேத்தின் இரு முனைகளும் அழுத்துவதில் பின்னைத் தாங்கும் கிராங்க் கைகள் வளைந்துகொடுக்கும். பின் வட்டமாக வராது. கைகளுக்கு நடுவே ஆப்பு வைத்து இறுக்கிவிட்டுக் கடைவதே வழக்கமான பரிகாரம். மூன்றாவது, உள் மூலைகளைக் கூராக விடுவது. வளைவில்லாத மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இல்லாமல் எஞ்சின் எப்படி ஓடியது?

இறக்கைத் தாங்கு கட்டையில் தொங்கிய சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே குழாய் வழியே இறங்கியது. எஞ்சின் மேல் இருந்த தட்டையான தகரப் பெட்டிக்குள் சொட்டிய பெட்ரோல், எஞ்சின் சூட்டில் ஆவியாகி, உள்ளே வரும் காற்றோடு கலந்து சிலிண்டர்களுக்குப் போனது. உள்ளே போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் கிடையாது. வேகத்தை ஓரளவு கூட்டவோ குறைக்கவோ தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்துவதே ஒரே வழி.

உள்வால்வுகள் தாமாகத் திறப்பவை: பிஸ்டன் கீழே இழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சலே மெல்லிய ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கும். வெளிவால்வுகளை மட்டும் கேம் ஷாப்ட் (புடைப்புகள் கொண்ட சுழல் தண்டு) தள்ளியது. அந்தக் கேம் ஷாப்டை ஓட்டியது சைக்கிள் பாணிச் சங்கிலி. சைக்கிள் கடையில் எது கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததோ அதுவே எஞ்சினுக்குள் போயிருக்கிறது.

தானியங்கி உள்வால்வுக்கு ஒரு வரம்பு உண்டு. சுழற்சி வேகம் கூடினால் ஸ்பிரிங்கால் நேரத்துக்கு மூட முடியாது, வால்வு படபடக்கும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுப் பக்கத்தில் ஓடும் எஞ்சினுக்கு அது போதும்.

ஸ்பார்க் பிளக்கும் இல்லையா?

இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு தொடுமுனைகள். ஒன்று அசையாதது, மற்றது சிலிண்டர் சுவர் வழியே வரும் சிறு தண்டில் பொருத்தியது. முனைகள் தொட்டிருக்கும்போது மின்சாரம் ஓடும். கேம் அவற்றைச் சட்டென்று பிரிக்கும். பிரியும் கணத்தில் பொறி பறக்கும். தாழ்ந்த மின்னழுத்தமே போதும் என்பதால் நல்ல மின்காப்புப் பொருள் தேட வேண்டியதில்லை. இதன் குறைகளும் வெளிப்படை: முனைகள் எரிந்து தேயும், தண்டு நுழையும் துளை வழியே அழுத்தம் கசியும், நான்கு சிலிண்டரிலும் ஒரே நேரக்கணக்கு நிற்க அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

மின்சாரம் தந்தது ஃப்ளைவீலில் உரசிச் சுழன்ற மேக்னெட்டோ என்ற சிறு மின்னாக்கி. எஞ்சினைக் கிளப்ப மட்டும் உலர் மின்கலங்களும் காயிலும் உதவின. கிளம்பியதும் அவற்றைக் கழற்றித் தரையிலேயே விட்டுவிடுவார்கள். தூக்கிப் போக வேண்டாத எடையை ஏன் தூக்க வேண்டும்?

முதல் ஓட்டத்தில் என்ன உடைந்தது?

1903 பிப்ரவரி 12-ல் எஞ்சின் முதல்முறை ஓடியது. மறுநாளே பெட்ரோல் சொட்டி பேரிங்குகளில் இறங்கியது. பெட்ரோல் எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெய்ப் படலம் போனதும் உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். சுழன்றுகொண்டிருந்த ஷாப்ட் திடீரென்று நின்றதில் அலுமினிய உடலே உடைந்தது. புது வார்ப்படம் கைக்கு வர ஏப்ரல் 20 ஆனது. மறுபடி கோத்து மே மாதத்தில் ஓட்டினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் போயிற்று. சொட்டு முறையில் எரிபொருள் கொடுக்கும் எந்தப் பழைய எஞ்சினைக் கையாண்டாலும், நிறுத்தியவுடன் பெட்ரோல் குழாயை மூடுவது முதல் பழக்கமாக இருக்க வேண்டும்.

16 குதிரைத்திறன் என்கிறார்கள், 12 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. குளிர்ந்த நிலையில் கிளப்பிய முதல் சில நொடிகளில் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் கிட்டத்தட்ட 16 வந்தது. ஒன்றிரண்டு நிமிடத்தில் 12-க்கு இறங்கி அங்கேயே நின்றது.

காரணம் வால்வுப் பெட்டிகள். சிலிண்டரின் உடலைச் சுற்றித் தண்ணீர் இருந்தது; ஆனால் வால்வுகள் உட்கார்ந்திருந்த தலைப்பகுதியைச் சுற்றித் தண்ணீர் இல்லை. எரியும் வாயு நேராகத் தாக்கும் இடம் அதுதான். சில நிமிட ஓட்டத்தில் அது செந்நிறமாகப் பழுக்கும். புதிதாக வரும் காற்றும் பெட்ரோல் ஆவியும் அந்தச் சூட்டில் விரிந்துவிடும்; விரிந்த கலவை சிலிண்டருக்குள் எடையில் குறைவாகவே நுழையும்; சக்தி குறையும். தண்ணீரைச் சுற்றவும் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலேறி, ரேடியேட்டரில் ஆறி, கீழிறங்குவதை நம்பியே விட்டிருந்தார்கள்.

தேவைப்பட்டது என்னவோ 8. கிடைத்த 12-ல் இருந்த மிச்சம், விமானத்தின் கட்டுமானத்தை இன்னும் உறுதியாகச் செய்ய அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஆளோடு சேர்ந்து சுமார் 750 பவுண்டு எடையை அந்த எஞ்சின் தூக்கியது.

அந்தக் காலத்தின் மிகச் சிறந்த எஞ்சின் இதுதானா?

இல்லவே இல்லை. அதே காலத்தில் விமானம் செய்ய முயன்ற சாமுவேல் லாங்லியின் விமானத்துக்காகச் சார்லஸ் மான்லி முடித்த ஐந்து சிலிண்டர் நட்சத்திர எஞ்சின் 52 குதிரைத்திறன் கொடுத்தது. தண்ணீர் முதலியவை இல்லாமல் அதன் எடை 125 பவுண்டுதான். எஞ்சினாக மட்டும் ஒப்பிட்டால் டெய்லருடையது பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் லாங்லியின் விமானம் 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ரைட் சகோதரர்கள் இறக்கையையும் புரொப்பெல்லரையும் முதலில் கணக்கிட்டு, எத்தனை சக்தி போதும் என்று தெரிந்த பிறகே எஞ்சினுக்கு வந்தார்கள். போதும் என்ற அளவு தெரிந்ததால்தான் கார்புரேட்டர், பம்ப், திராட்டில், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் டெய்லரால் விட்டுவிட முடிந்தது. எங்கள் மதிப்பில் அவருடைய திறமையின் உச்சம் அந்த விட்டுவிடுதல்தான்.

எஞ்சினை வடிவமைத்தது டெய்லரா, சகோதரர்களா?

பொது அமைப்பை மூவரும் பேசி முடிவு செய்தார்கள். கணக்கும் சக்தித் தேவையும் சகோதரர்களுடையவை. பாகங்களைச் செய்தது டெய்லர். அவரைத் தனி வடிவமைப்பாளர் என்பதும் மிகை, சொன்னதைச் செய்த கூலியாள் என்பதும் அநியாயம். வரைபடமே இல்லாத வேலையில் செய்பவனின் தீர்மானம் ஒவ்வோர் அளவிலும் கலந்திருக்கும்.

கிட்டி ஹாக்கில் புரொப்பெல்லர் ஷாப்ட் ஏன் திரும்பத் திரும்ப உடைந்தது?

எஞ்சினிலிருந்து இரண்டு புரொப்பெல்லர்களுக்கும் சங்கிலி வழியே சக்தி போனது. எஞ்சின் பக்கம் 8 பல், புரொப்பெல்லர் பக்கம் 23 பல். எஞ்சின் 1,025 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் சுமார் 356 சுற்று. ஒரு சங்கிலியை எட்டு வடிவில் குறுக்கே திருப்பிக் குழாய்க்குள் ஓட்டினார்கள். அதனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழன்றன.

எஞ்சின் சீராகச் சுடவில்லையென்றால் ஒவ்வோர் உதைப்பும் சங்கிலி வழியே நேராக ஷாப்டில் இறங்கும். மறுமுனையிலோ எட்டரை அடிப் புரொப்பெல்லர். அதன் சுழலும் கனம் சட்டென்று வேகம் மாற விடாது. நடுவில் மாட்டிக்கொண்டது குழாயாகச் செய்த ஷாப்ட். நவம்பரில் அது முறுக்கித் திருகியது, டேட்டனுக்கு அனுப்பினார்கள், டெய்லர் இன்னும் கனமான குழாயில் செய்து அனுப்பினார். பிறகு பற்சக்கரங்கள் தளர்ந்தன. சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றி இறுக்கினார்கள், அது நின்றது. நவம்பர் கடைசியில் குழாய் ஷாப்டில் மறுபடி விரிசல். இந்த முறை ஆர்விலே ஊருக்குப் போய், உள்ளீடற்ற குழாயை விட்டுத் திடமான ஸ்பிரிங் எஃகில் ஷாப்ட் செய்துகொண்டு டிசம்பர் 11-ல் திரும்பினார். ஆறு நாள் கழித்துப் பறந்தார்கள்.

முதல் பறப்பை டெய்லர் பார்த்தாரா?

பார்க்கவில்லை. டேட்டனில் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அவர் விமானம் ஓட்டக் கற்றாரா?

ஆசைப்பட்டார். கற்றுக்கொடுக்கச் சகோதரர்கள் இணங்கவில்லை. அவர் விமானியாகிவிட்டால் எந்திரத்தை யார் பார்ப்பது என்பது அவர்கள் கவலை.

1903-க்குப் பிறகு என்ன செய்தார்?

1904, 1905-ல் டேட்டனுக்கு வெளியே ஹஃப்மன் மேய்ச்சல் நிலத்தில் நடந்த பறப்புகளுக்கு விமானத்தைத் தினமும் தயார் செய்தவர் இவர்.

1908 செப்டம்பர் 17-ல் ஃபோர்ட் மையர் ராணுவத் தளத்தில் ஆர்வில் ஓட்டிய விமானம் விழுந்து, உடன் சென்ற லெஃப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். விசைவிமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர். சிதைவிலிருந்து இருவரையும் தூக்கியவர்களில் டெய்லர் ஒருவர். பிறகு உடைந்த பாகங்களை ஆராய்ந்ததில் காரணம் தெரிந்தது: ஒரு புரொப்பெல்லர் அலகில் நீளவாக்கில் விரிசல், அலகு தட்டையாகி இழுவிசை இழந்தது, இரண்டு அலகுக்கும் சமநிலை கெட்டதில் கடும் அதிர்வு, ஆடிய புரொப்பெல்லர் சுக்கானைத் தாங்கிய கம்பியில் பட்டு அதை அறுத்தது. உடைந்த துண்டுகளை வைத்துக் காரணத்தைப் பின்னோக்கித் தேடும் இந்த வேலை இன்றைய விபத்து விசாரணையின் ஆரம்ப வடிவம்.

1909-ல் வில்பர் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின் மேல் பறந்தபோது, நீரில் விழுந்தால் மிதக்கட்டும் என்று விமானத்துக்கு அடியில் ஒரு சிறு படகைக் கட்டினார்கள். அந்த ஏற்பாட்டிலும் டெய்லர் கை உண்டு. 1911-ல் விமானி கால்பிரெய்த் ராட்ஜர்ஸ் "வின் ஃபிஸ்" என்ற விமானத்தில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்த பயணத்தில் ரயிலில் பின்தொடர்ந்த மெக்கானிக் இவர். நாளுக்கு 10 டாலரும் செலவும் கொடுத்தார்கள். ரைட் நிறுவனத்தில் வாரத்துக்கே 25 டாலர்தான். செப்டம்பர் 17-ல் நியூயார்க்கில் கிளம்பிய விமானம் நவம்பர் 5-ல் பாசடேனா சேர்ந்தபோது, வழியெல்லாம் விழுந்து எழுந்ததில் அதன் பெரும்பாலான பாகங்கள் மாற்றப்பட்டிருந்தன.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

துயரமானது. 1928-ல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபோனார். நிலத்தில் போட்ட சேமிப்பு பொருளாதாரப் பெருமந்தத்தில் கரைந்தது. மனைவியும் இறந்தார். 1937-ல் ஹென்றி ஃபோர்டின் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்தபோது லாஸ் ஏஞ்சலஸ் விமானத் தொழிற்சாலை ஒன்றில் மணிக்கு சுமார் 37 சென்ட் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையை டேட்டனிலிருந்து டியர்போர்ன் ஊரில் உள்ள தன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் ஃபோர்ட் மீட்டெடுத்தபோது, எந்த எந்திரம் எந்த மூலையில் நின்றது என்று காட்டிக்கொடுத்தவர் டெய்லர்தான். 1938 ஏப்ரலில் கடை திறக்கப்பட்டது.

1945-ல் மாரடைப்பு, அதன் பிறகு வேலை செய்ய முடியவில்லை. ஆர்வில் தன் உயிலில் ஆண்டுக்கு 800 டாலர் எழுதி வைத்திருந்தார். அது போதவில்லை. 1955-ல் ஒரு செய்தியாளர் அவரை மருத்துவமனையின் இலவச வார்டில் கண்டு எழுதியதும் விமானத் துறையினர் பணம் திரட்டித் தனியார் இல்லத்துக்கு மாற்றினார்கள். 1956 ஜனவரி 30-ல் 87 வயதில் காலமானார். எட்டு ஆண்டுக்கு முன் ஆர்வில் இறந்ததும் ஜனவரி 30-தான்.

மே 24-ல் விமானப் பராமரிப்புப் பணியாளர் நாள் ஏன் கொண்டாடுகிறார்கள்?

அது டெய்லர் பிறந்த நாள். அமெரிக்காவில் தொடங்கியது, இந்தியா உட்படப் பல நாடுகளில் பராமரிப்புப் பொறியாளர்கள் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். விமானப் பராமரிப்பில் 50 ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவர் பெயரில் விருதும் கொடுக்கிறது.

அவர் செய்த கிராங்க் ஷாப்டை இன்று பார்க்க முடியுமா?

முதல் ஷாப்டைப் பார்க்க முடியாது. 1903 டிசம்பர் 17-ல் நான்காவது பறப்புக்குப் பிறகு காற்று விமானத்தைப் புரட்டிப்போட்டதில் எஞ்சின் உடைந்தது. அதன் கிராங்க் ஷாப்டையும் ஃப்ளைவீலையும் 1906-ல் நியூயார்க் கண்காட்சிக்கு இரவல் கொடுத்தார்கள், திரும்பி வரவில்லை. 1916-ல் ஆர்வில் அந்த விமானத்தை மறுபடி கோத்தபோது, அடுத்ததாகச் செய்த 1904-ஆம் ஆண்டு எஞ்சினின் பாகங்களை அதில் போட்டார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் விமானத்தின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு சங்கிலிக் குழாய்களையும் பாருங்கள். ஒன்று குறுக்கே திரும்பியிருக்கும். பிறகு ரேடியேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் தண்ணீர்க் குழாயைத் தொடர்ந்து போங்கள். நடுவில் பம்ப் எதுவும் இருக்காது.